மூன்றாவது ஜன்னல்

வீட்டில் அடைந்துகிடப்பவனின் சந்தோஷத்தை விசுவாசம் என்று சொல்லலாமா? 2020இல் கொரோனாவுக்காகத் தேவாலயங்கள் பூட்டப்பட்டபோது, அடுப்படியிலும் மாடிச் செடியிலும் கர்த்தரைக் கண்டுகொண்டதாகக் கிறிஸ்தவர்கள் பலர் எழுதினார்கள். அது பொய்யென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதே மாதங்களில் நம் நெடுஞ்சாலைகளில் மூட்டையும் குழந்தையுமாக ஊர் நோக்கி நடந்தவர்களுக்கு அடைந்துகிடக்க வீடு இல்லை. அவர்களை மறந்தால்தான் கிடைக்குமென்றால் அந்தச் சந்தோஷம் வெறும் சௌகரியம்.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் நார்விச் ஜூலியன் எனக்கு முக்கியமாகப் படுகிறார். 1349இல் கொள்ளைநோய் அவ்வூருக்கு வந்தபோது அவர் சிறுமி. 1373 மே மாதம், முப்பது வயதில் சாகக் கிடந்தபோது தரிசனங்கள் கண்டார். உள்ளங்கையில் கொட்டையளவாய் ஒரு பொருள். படைப்பு முழுவதும் அதுதான். கடவுளின் அன்பினால் அது நிலைத்திருக்கிறது. பின்னாளில் தேவாலயச் சுவரையொட்டிய அறையில் தன்னை அடைத்துக்கொண்டார்.

அத்தகைய அறைகளுக்கு வழக்கமாக மூன்று ஜன்னல்கள். ஒன்று பலிபீடத்தைப் பார்க்க, ஒன்று பணிப்பெண்ணுக்கு, மற்றது வெளியாட்களுக்கு. தன் தரிசனங்கள் மெய்தானா என்ற குழப்பத்தோடு 1413 வாக்கில் வந்த மார்ஜரி கெம்பிடம் ஜூலியன் பல நாட்கள் பேசினார்.

கொட்டையளவு ஆனந்தம் மெய்தான். ஆனால் ஜூலியன் கண்ட கொட்டைக்குள் படைப்பு முழுவதும் இருந்தது. சாலையில் நடந்தவனும் அதில் அடக்கம். மூன்றாவது ஜன்னலைச் சாத்திவிட்ட வீட்டில் பிரார்த்தனை நடக்கலாம். விசுவாசம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.