மறுமுனையின் பதில்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கடை முதல் சாப்பாட்டுக்கடை வரை டூயிட்நவ் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்விடும். சில நேரம் போகாது. வைஃபை குறி முழுதாக நிற்கும். செயலி சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குறிக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் உள்ள உறவு மட்டும். அதற்கு அப்பால் கம்பி அறுந்திருந்தாலும் அது அறியாது. ஆகவே ஆண்ட்ராய்டு வெளியே ஒரு சேவையகத்துக்குச் சிறு கோரிக்கை அனுப்பிப் பார்க்கிறது. 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் திரும்பினால் இணையம் உண்டு. பதிலுக்கு விடுதி வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் வந்து நின்றால், வாசலிலேயே மறித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பதிலும் கடந்த நொடிக்குத்தான் சாட்சி. அடுத்த நொடி லிஃப்ட் கதவு மூடினால் எல்லாம் போச்சு. அதனால்தான் ஆப்பிள், செயலி எழுதுவோரிடம், முன்கூட்டிச் சோதித்து வழியை அடைக்காதீர்கள், நேரே முயலுங்கள் என்கிறது. முயன்றும் பதில் வராவிட்டால்? பணம் போய்ச் சேர்ந்து, ரசீது மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். மௌனத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. நன்றாக எழுதிய செயலி அதே பரிவர்த்தனை எண்ணோடு மறுபடி கேட்கும். பணம் இருமுறை கழியாது.

பினாங்கு இந்த நிச்சயமின்மையோடு வெகுகாலம் வாழ்ந்த ஊர். 1870-71இல் சென்னையிலிருந்து வங்கக் கடலடியில் தந்திக் கம்பி இங்கே வந்தது. இன்று அதே கடலடியில் பே ஆஃப் பெங்கால் கேட்வே ஒளியிழை இரு ஊர்களையும் இணைக்கிறது. ஆனால் அன்று தந்திக்குக் காசு இல்லாத தோட்டத் தொழிலாளிக்குக் கடிதமும் கப்பலும்தான் கதி. 1926 முதல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடிய ரஜூலா கப்பலை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். ஊரிலிருந்து பதில் வர வாரங்கள் ஆகும். போன கடிதம் சேர்ந்ததா என்று தெரியாமலே அடுத்ததை எழுதினார்கள். அதில் முந்தைய கடிதத்தின் செய்தியையும் சேர்த்தே எழுதினால், ஒன்று தொலைந்தாலும் விஷயம் தொலையாது.

செயலியும் இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது: செய்தியை முதலில் தன்னிடம் பத்திரப்படுத்து, வழி திறந்ததும் அனுப்பு, சேரும்வரை விடாதே. மனித உறவுக்கும் வேறு விதி கிடையாது. இருக்கிறதா, இருக்கிறதா என்று சோதிப்பதால் எந்த உறவும் நிலைப்பதில்லை. பதிலுக்கு உத்தரவாதம் இல்லாத நாளிலும் யாரோ ஒருவர் அனுப்பிக்கொண்டிருப்பதால்தான் அது இருக்கிறது.