பழைய காரின் பிக்கப்பும் பிரேக்கும்



நம் ஓசூரில் வாகனத்தை ஓட்டிச் சோதிப்பது பலருக்கு ஹலாலான பிழைப்பு. டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே இந்தக் கேள்வியும் நமக்குத் தூரமானதல்ல. பழைய ரோல்ஸ் ராய்ஸ், பென்ஸ் போன்ற கார்களை ஆசையாகப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் பிக்கப் இன்னும் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒருவர் நினைக்கிறார். கிருஷ்ணகிரி நோக்கி நீளும் நெடுஞ்சாலை கண்ணில் படுகிறது. அங்கே மிதித்துப் பார்ப்பது கூடுமா?

வேகத்தைச் சோதிப்பதே பாவம் என்று மார்க்கம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். அந்த ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது. பந்தயத்துக்காகத் தயார் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஏறக்குறைய ஐந்தாறு மைல். தயார் செய்யப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, சுமார் ஒரு மைல்தான். வாயில்லா ஜீவனையும் அதன் நிலை அறிந்தே ஓட விட்டார்கள்.

இந்த அளவுகோலைப் பழைய காருக்கு வைத்துப் பாருங்கள். ரோல்ஸ் ராய்ஸின் சில்வர் கோஸ்ட் 1907-இல் 14,371 மைல் கோளாறால் நிற்காமல் ஓடிப் பெயர் வாங்கியது. 1911-இல் அந்த வகைக் கார் ஒன்று இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. ஆனால் 1923 வரை அந்தக் காருக்கு முன்சக்கரங்களில் பிரேக்கே கிடையாது! ஓடும் சக்தி முதலில் வந்தது, நிற்கும் சக்தி பின்னால்தான் வந்தது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு.

கார் அவருடையது. சாலை அவருடையதா? ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும் தொழிலாளி இந்தச் சோதனைக்குச் சம்மதம் கொடுத்தாரா? சாலைக்குரிய உரிமைகளை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பதையும் அதில் சேர்த்தார்கள். சோதிக்க விரும்புபவருக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. மெக்கானிக்கிடம் பிரேக்கையும் டயரையும் காட்டிவிட்டு அங்கே போகட்டும். சூதுப்பணம் மட்டும் கலக்க வேண்டாம்.

நபியவர்களின் ஒட்டகம் அள்பாவை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியது. தோழர்கள் வருந்தினார்கள். உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று நபியவர்கள் விளக்கினார்கள். அரசர்கள் ஏறிய கார்களும் இன்று மியூசியத்தில் நிற்கின்றன. அந்த ஒட்டகத்தைப் போலவே அவற்றையும் காலம் முந்திவிட்டது.

நம் நஃப்ஸும் அந்தப் பழைய காரைப் போன்றதுதான். பாய்வது அதற்கு எளிது. நிறுத்த முடிகிறதா என்பதே சோதனை.

வல்ல அல்லாஹ் நம் கரங்களால் எவருக்கும் தீங்கு வராமல் காப்பானாக! ஆமீன்.