தொடாமல் ஆளும் கை

1980இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் என்ற ஆய்வாளர் ஒரு கணினி அமைப்பைக் காட்டினார். அறையில் ஒரு நாற்காலி, எதிரே சுவர் அளவுக்குத் திரை. நாற்காலியில் இருப்பவர் திரையில் தெரியும் வடிவத்தை நோக்கிக் கையை நீட்டி ‘அதை’ என்பார், வேறு இடத்தைக் காட்டி ‘அங்கே’ என்பார். வடிவம் இடம் மாறும். அந்த ஆய்வின் பெயரே ‘அதை அங்கே வை’ என்பதுதான். கையசைவால் இயங்கும் இன்றைய கருவிகளுக்கு அது ஒரு பாட்டன்.

சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. வாசலில் கயிற்றுக் கட்டில். பண்ணாடி உட்கார்ந்தபடியே விரலை நீட்டுவார். “அதை எடுத்து அங்க வைடா.” மூட்டை இடம் மாறும். சுமப்பவருக்கு அறுபது வயது இருந்தாலும் ‘டா’தான். சில சமயம் சொல்லே வேண்டாம், கண் ஜாடை போதும். அவர் தாகமென்று நின்றால் தண்ணீர் மேலிருந்து குவித்த உள்ளங்கையில் விழும். கைக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண் காற்று. தொடாமல் இயக்கும் வித்தையை நாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம். திரை இருக்கவேண்டிய இடத்தில் மனிதரை வைத்திருந்தோம்.

பார்க்கப்படாமலே ஒருவரைப் பார்த்துவிடலாம். ஆனால் தொடப்படாமல் யாரையும் தொட முடியாது. என் கை எதைத் தொட்டாலும் அதன் சூடும் எடையும் பிசுக்கும் என்மேல் படும். அப்படியென்றால், தொடாமல் இயக்குவது என்பது நான் உலகத்தை மாற்றுவேன், உலகம் என்மேல் படாது என்பதுதானே? அதிகாரத்தின் ரொம்பப் பழைய ஆசை அது. 2010இல் வந்த கினெக்ட், அதன்பின் வந்த லீப் மோஷன் எல்லாம் இந்தப் பண்ணாடித்தனத்தின் மின்னணு வடிவம்தானா?

அவசரப்பட வேண்டாம். 2012இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், ரத்தநாள அறுவை சிகிச்சையின்போது கினெக்டைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மருத்துவர் காற்றில் கையசைத்தார், திரையில் இருந்த முப்பரிமாணப் படம் திரும்பியது. சுத்தம் செய்த கையால் மவுஸைத் தொட்டால் அதிலிருக்கும் கிருமி நோயாளிக்குப் போகும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இவரும் தொடவில்லை, பண்ணாடியும் தொடவில்லை. ஆனால் பண்ணாடி தொடாதது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. மருத்துவர் தொடாதது எதிரே படுத்திருப்பவரைக் காப்பாற்ற. அடுத்த நிமிடம் அவர் கை அந்த உடம்புக்குள்தான் போகப்போகிறது. மனிதரைத் தொடுவதற்காகவே அவர் கருவியைத் தொடாமல் இருந்தார்.

இன்னொரு கையும் இருக்கிறது. யாரைத் தொடமாட்டோம் என்றோமோ, நாம் தொட விரும்பாத எல்லாவற்றையும் அவர்கள் கையால்தான் தொடவைத்தோம். கையால் மலம் அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதற்குப் பிறகும் மலக்குழிக்குள் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்ய ‘பாண்டிகூட்’ என்ற இயந்திரம் இறங்கியது. இயக்குபவர் மேலே நின்று திரையைப் பார்த்தே வேலையை முடிக்கிறார். இங்கே தொடாமல் இருப்பது ஒரு விடுதலை. யாருடைய கை விலகுகிறது, யாரைக் காப்பாற்ற விலகுகிறது என்று கேட்டால்தான் தொடாமையின் நிறம் தெரிகிறது.

இந்தத் துறைக்காரர்களே போய்ச் சேர்ந்த இடம் சுவாரசியமானது. வெறுங்காற்றில் அசையும் கை சீக்கிரம் வலிக்கும். பொத்தான் அழுந்தியதா இல்லையா என்றும் கைக்குத் தெரியாது. 2013இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் சுப்பிரமணியனும் அவர் சகாக்களும் மீயொலி அலைகளைக் குவித்து, எதையும் தொடாத உள்ளங்கையில் தொடு உணர்வை வரவழைத்தார்கள். 2019இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் குழு 2 மி.மீ. மணி ஒன்றை மீயொலியால் அந்தரத்தில் பிடித்து, விநாடிக்கு 8 மீட்டருக்கு மேலான வேகத்தில் ஓட்டி, அதன்மேல் வண்ண ஒளி பாய்ச்சிக் காற்றிலேயே முப்பரிமாண உருவங்களை வரைந்தது. பார்க்க மட்டும் அல்ல, கேட்கவும் தொட்டு உணரவும் அதில் வழி இருந்தது. தொடாமையின் எல்லை வரை போனவர்கள் தொடுகையைத் தேடியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொடுகையை வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். இன்னொரு மனிதரின் கை அப்படியில்லை. அதற்கென்று ஒரு விருப்பம் உண்டு, பிடிக்காவிட்டால் உதறிக்கொள்ளும்.

அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் இருந்தது. இப்போது பேப்பர் கப். குடித்துவிட்டுத் தூக்கிப் போடலாம், யாரும் யார் எச்சிலையும் கழுவ வேண்டாம். சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் சில கடைகளில் அந்தச் சுத்தம் சிலருக்கு மட்டும் கிடைக்கிறது, மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கப்பை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது. பக்கத்தில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊருக்கு வரப்போகும் தொடாத கருவிகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.