வேலை பார்த்த வண்டி

மீன் ஏற்றிய வண்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்று முதலில் சொன்னவர் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன். சொன்ன கையோடு ஒரு சின்னச் சுத்தியலைத் தந்து, குளச்சல் போகும் ரோட்டோரம் நின்ற டாடா 407 ஒன்றின் அடியில் என்னைப் படுக்க வைத்தார். "சேஸத் தட்டிப் பாருங்க தம்பி. நல்ல இரும்புன்னா கணீர்னு கேக்கும். செத்த இரும்புன்னா நனஞ்ச தொண்டத் தட்டுன மாதிரி பொத்துன்னு கேக்கும்." தொண்டு என்றால் எங்கள் பக்கத்தில் தேங்காய் மட்டை. தட்டினேன். பொத்தென்றுதான் கேட்டது. துரு செதில் செதிலாக முகத்தில் உதிர்ந்தது.

ஐஸ் உருகி, மீனின் உப்பையும் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு பலகை இடுக்குகள் வழியாகச் சொட்டும். பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்திலும், குறுக்குச் சட்டங்கள் சேஸோடு சேரும் மூலைகளிலும் தேங்கி நிற்கும். மேலே பெயின்ட் அடித்து, கண்ணாடியில் சாமி படம் ஒட்டி, வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அடியில் பத்து வருஷத்து மீன் இரும்பைத் தின்று முடித்திருக்கும். எங்களுடையது மணவாளக்குறிச்சி. மீன் ஏற்றாத வண்டியைக்கூட இங்கே கடற்காற்று சும்மா விடாது.

எனக்கு 36 வயது. பெங்களூரில் மென்பொருள் வேலை; கொரோனாவுக்குப் பிறகு மாதத்தில் பாதி நாள் ஊரில் இருந்தே வேலை. பழைய வேலைவண்டி ஒன்றை வாங்கி, பின்னால் ஒரு படுக்கை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கூரைமேல் சோலார் பேனல், ஒரு அடுப்பு என்று கட்டிக்கொண்டு, ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் போய் இரண்டு நாள் கிடக்க வேண்டும் என்பது என் ஆசை. புது வண்டி வாங்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். புது வண்டிக்குள் ஏகப்பட்ட மென்பொருள் ஓடுகிறது. அதைத்தான் நான் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுத்தியலால் தட்டினால் பதில் சொல்கிற ஓர் இயந்திரம் எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லக் கொஞ்சம் வெட்கம். அந்த வண்டிகளின் கீறலும் நெளிவும் எனக்குப் பிடித்திருந்தன. இன்னொருவன் உழைத்த தழும்பை அழகு என்று பார்க்கும் கண் எனக்கு எப்போது வந்தது என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. கிழிந்த ஜீன்ஸை முழு விலை கொடுத்து வாங்குகிறவனின் கண்தான் அது.

காடுமேடு சுற்றுகிற வண்டிகள் எல்லாமே வேலைக்காரப் பரம்பரை. ஜீப் இரண்டாம் உலகப்போருக்குச் செய்த வண்டி. லேண்ட் ரோவர் 1948இல் வந்தபோது அது விவசாயிகளுக்கானது. இன்று பணக்காரர்கள் பாலைவனம் கடக்க வாங்கும் யூனிமாக், போருக்குப் பின் ஜெர்மானிய விவசாயிக்காகப் பிறந்தது. அதன் சக்கரங்களுக்கு இடையே விட்ட அகலம் 1270 மில்லிமீட்டர். இரண்டு வரிசை உருளைக்கிழங்குச் செடிகளுக்குச் சரியான கணக்கு. நம்மூரில் எண்பதுகளின் நடுவில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என்று நான்கு ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்தன. எதிர்த்து டாடா 1986இல் இறக்கியது 407. முதல் இரண்டு பெயர்களும் இன்று பழைய ஆட்களின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. 407 இன்றும் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுவருகிறது.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்துக் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அதை அழுத்திச் சொன்னது. சரக்கு வண்டியை வீடாக்குவது லேசில் நடக்காது. "கட்டில ஆணியடிக்காம வையுங்க. அப்பம் அது கட்டிலு இல்ல, லோடு" என்றார் மெக்கானிக் அண்ணன். இதை எந்த ஆர்.டி.ஓ. ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது.

கடற்கரை வேண்டாம், மலைப்பக்கம் பாருங்கள் என்று அவரே அனுப்பினார். தக்கலை தாண்டி, குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்காரர் வீட்டில் ஒரு மஹிந்திரா கமாண்டர் நின்றது. பின்பக்கக் கூண்டை அறுத்துவிட்டு லோடு ஏற்றத் தட்டு அடித்திருந்தார்கள். 2523 சிசி டீசல் எஞ்சின். டிராக்டர் எஞ்சினின் வம்சம். இந்த வண்டிகளில் பலவற்றில் டீசல் மிச்சம் பிடிக்க முன்பக்கப் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். இதில் இருந்தது. குளிர்ந்த எஞ்சின் இரண்டாவது சுற்றில் பிடித்தது. எண்ணெய் மூடியைத் திறந்து வைத்தோம், புகை அடிக்கவில்லை. டிஃபரன்ஷியல் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தோம், பால்போல் வெளுக்கவில்லை. தண்ணீர் இறங்கவில்லை என்று அர்த்தம். சேஸைத் தட்டினேன். கணீர். தட்டு முழுக்கப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் வாசம். அந்த இடத்திலேயே மனதுக்குள் வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் இன்னொருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கைலி, தோளில் துண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் மண்பாதையில் ஏறிப்போக வேண்டிய இடம் அவருடையது. எதையும் தட்டிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, சின்னக் கம்பியை லோ கியருக்குத் தள்ளி, வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றி நிறுத்தி, இறக்கினார். அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை.

"சாருக்கு எஸ்டேட் உண்டா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா... கேம்பிங்குக்கு."

"அப்படின்னா?"

"மலப்பக்கம் எங்கயாவது போய் ரெண்டு நாள் தங்குறதுக்கு."

கொஞ்சம் யோசித்தார். கேலி எதுவும் இல்லாமல் சொன்னார்: "அங்ஙன நாங்க தங்கத்தானே செய்யுதோம்."

அவர்களுக்கு இருந்த ஜீப் கியர்பாக்ஸ் போய்க் கிடந்தது. ரப்பர் ஷீட், வாழைக்குலை, மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ராத்திரி நெஞ்சுவலி வந்தவர் எல்லாம் அதில்தான் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு லட்சம் வரை புரட்டியிருந்தார். நான் ஏற்கெனவே 2.40 சொல்லியிருந்தேன்.

திரும்பி வரும்போது அந்த ஒரு வாக்கியம்தான் கூட வந்தது. நான் எங்கே போய் வண்டி ஓட்டப்போகிறேன்? காட்டுக்குள் முடியாது. எங்கள் மாவட்டக் காடு 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. மிஞ்சுவது தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் போகிற மண்பாதைகள். எனக்கு ரோடு இல்லாத இடம், அவருக்கு ரோடே அதுதான். என் சாகசம் இன்னொருவரின் செவ்வாய்க்கிழமை.

அமர்த்தியா சென் 2009இல் எழுதிய நீதி பற்றிய புத்தகத்தில் மூன்று குழந்தைகளும் ஒரு புல்லாங்குழலும் வருவார்கள். ஒருத்தி, தனக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்கிறாள். ஒருவன், தன்னிடம் வேறு பொம்மையே இல்லை என்கிறான். மூன்றாமவள், அதைச் செய்தது நான் என்கிறாள். யாருக்குக் கொடுப்பது? மூன்றிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சென்னின் கஷ்டம். குலசேகரத்து முற்றத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. ஓட்டத் தெரிந்தவரும் இல்லாதவரும் ஒரே ஆள். மூன்றாவது உரிமை, அந்த வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டித் தேய்த்த டிரைவருடையது என்று வைத்துக்கொண்டால், அவரை யாரும் கூப்பிடவே இல்லை. சென்னின் கதையில் கையில் காசோடு நிற்கும் நாலாவது குழந்தை கிடையாது. அந்தக் குழந்தை நான்.

ஆனால் தேவை உள்ளவனுக்குத்தான் பொருள் என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை. அந்த அளவுகோலை எடுத்தால் யார் வீட்டிலும் வீணை இருக்க முடியாது. என் அப்பா ஊர் சுற்றிப் பார்க்க என்று ஒருநாளும் வண்டி ஏறியதில்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் அவருடைய பிரயாணம். அதை எளிமை என்று புகழ என்னால் முடியாது. அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சும்மா இருப்பதற்காக ஒரு வண்டி வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் முதலில் ஆசைப்பட்டவன் நான். அதற்காகத் தலைகுனிய வேண்டுமா?

பாரியின் நினைவு வந்தது. தேரும் வேலைவண்டிதானே. படர இடமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த முல்லைக்கு அதை நிறுத்திவிட்டுப் போனான். என்னைப் போன்ற ஓர் என்ஜினீயர் அங்கே இருந்திருந்தால் நாலு கம்பு நட்டால் போதுமே என்றிருப்பான். தமிழ் அதை வீண் என்று சொல்லவில்லை. கொடைமடம் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறது. வேலையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வேலைக்கு அப்பால் வைப்பதில் ஏதோ பெருமை இருப்பதாகத்தான் இரண்டாயிரம் வருஷமாக நம்புகிறோம். பாரியை என் பக்கம் சாட்சிக்கு அழைக்க ஆசையாக இருந்தது. ஆனால் அவன் தன் தேரை விட்டான். நான் அடுத்தவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த தேருக்கு 40 ஆயிரம் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் ஊர் மண்ணையும் சாட்சிக்கு இழுத்தேன். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கயிறு வாங்குகிறவனுக்கு அது அழுக்கு. அதிலிருந்த தோரியம்தான் கேஸ் விளக்கின் மேன்டிலை வெள்ளையாக எரிய வைத்தது. மணல் பிரிக்கும் ஆலை மணவாளக்குறிச்சிக்கு வந்தது அப்படித்தான். இன்று அது ஐ.ஆர்.இ.எல். ஐரோப்பாவில் தெருவுக்கும், பிறகு கூடாரத்துக்கும் விளக்கு ஏற்றியதில் எங்கள் கடற்கரைக்கும் பங்குண்டு. ஒரு பொருளுக்கு இதுதான் வேலை என்று யார் எழுதிவைத்தார்கள், அது இடம் மாறும்போதுதான் புதிதாக ஏதாவது பிறக்கிறது என்று எனக்கு நானே வாதாடினேன். நல்ல வாதம்தான். ஆனால் மணல் போன இடத்தில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியை அது தொடவில்லை. எங்கள் ஊரில் பிறந்த ஒருவனுக்கு அந்தக் கேள்வி தெரியாமல் இருக்க நியாயமில்லை.

ஒருவாரம் கழித்துத் தோட்டத்துக்காரருக்கு போன் செய்து, எனக்கு வேண்டாம், அந்த அண்ணாச்சிக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். சரி என்றார். இரண்டு நாள் நான் மிகவும் நல்லவனாக இருந்தேன். மனைவியிடம் அடக்கமாகச் சொன்னேன். அலுவலக நண்பர்கள் இரண்டு பேரிடம் அவ்வளவு அடக்கமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது நாள் தெரிந்தது, வண்டி கேரளாவில் ஒரு ரிசார்ட்டுக்கு 3.10க்குப் போய்விட்டது. ஓட்டுவதற்கு இல்லை. வாசலில் நிறுத்தி, பின்தட்டில் மண் நிரப்பிச் செடி வைக்கப்போகிறார்களாம். முல்லையா என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்துக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. மகள் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை அவர் ஏன் விட வேண்டும்? கோபம் என்மேல்தான், அதுவும் தாமதமாக வந்தது. ஒதுங்கிக்கொண்டால் பொருள் தானாகச் சரியான கைக்குப் போய்விடும் என்று எப்படி நம்பினேன்? ஒதுங்கியதில் என் கை சுத்தமானது. மலைமேல் ஒன்றும் மாறவில்லை. இரண்டு நாள் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது என்னைப் பற்றித்தான், அந்தப் பாதையைப் பற்றி அல்ல.

அன்று அந்த அண்ணாச்சி நம்பர் கொடுத்திருந்தார். இரண்டு மூன்று முறை அடித்தபிறகு கிடைத்தது. மேலே சிக்னல் கிடையாதாம், இறங்கி வரும்போதுதான். குலைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கீழிருந்து ஆட்டோ பிடிப்பதாகச் சொன்னார். வண்டி கைமாறிய கதை அவருக்கும் தெரிந்திருந்தது. நான் விட்டுக்கொடுத்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

"நீங்க எடுத்திருந்தா நல்லாருந்திருக்கும் சார்" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?"

"வருசத்துல எத்தன நாளு நீங்க வந்து தங்குவீங்க? ஒரு பத்து நாளு? பாக்கி நாளு அது சும்மாதானே நிக்கும். கேட்டா தந்திருப்பீங்கல்லா?"

தந்திருப்பேனா என்று அவர் சந்தேகப்படவே இல்லை. விலை, துரு, கியர், டயர், ஆவணம் என்று மூன்று மாதமாக எக்செல்லில் வளர்த்த என் பட்டியலில் இப்படி ஒரு யோசனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். மலைப்பக்கம் வேறு கமாண்டர் ஏதாவது விலைக்கு வந்தால் சொல்லுங்கள், இரண்டு பேர் சேர்ந்து எடுப்பதாக உத்தேசம் என்றேன். அவர் ஒரு 407இன் அடியில் படுத்திருந்தார். வெளியே வராமலே பதில் சொன்னார்.

"எடுக்கலாம். ஆனா ஆர்.சி. புக்குல ஒரு பேருதான் வரும் தம்பி. யாரு பேரு?"