மூடாத குழி



போன ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் கோவில் படியில் அந்த நாயைப் பார்த்திருப்பீர்கள். லயத்துக் குடும்பம் ஒன்றின் பின்னால் வாராவாரம் வந்து, பூசை முடியுமட்டும் வாசலில் படுத்திருக்கும் பிராணி அது. இப்போது மூன்று காலில் வருகிறது. ஓடைக்குப் போகும் நடைபாதை ஓரத்தில் யாரோ பன்றிக்கு வைத்த சுருக்கு, பழைய பிரேக் கம்பி, அதன் முன்னங்காலை எலும்புமட்டும் அறுத்துவிட்டது. அதே பாதையில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டு, அதில் அயலானுடைய மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்குடையவன் கிரயம் கொடுக்கவேண்டுமென்று யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் சர்வேசுரன் கட்டளையிட்டார். “நான் மாட்டைத் தள்ளவில்லையே” என்ற சாக்கு அங்கே செல்லாது. குழியாவது கண்ணுக்குத் தெரியும். புல்லுக்குள் கிடக்கும் கம்பி தெரியுமா?

2022 செப்டம்பரில் பெரியகுளத்தை அடுத்த கைலாசபட்டியில் தோட்டவேலியில் சிக்கி ஒரு சிறுத்தை மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். 1972-ம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதையும் வேட்டை என்றே சொல்லுகிறது. அகப்படாமல் போனாலும், முயன்றதே குற்றம். நம் மலையோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 வருஷத்துக்குக் குறையாத சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

பாடுபட்டு நட்ட கிழங்கைப் பன்றி ஓரிரவில் தோண்டிப்போட்டால் வயிறெரியும். அதை நான் லேசாக எண்ணவில்லை. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையில் மனுக்கொடுத்து நஷ்டஈடு கேட்க வழியிருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் சாயங்காலம் பங்குவீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

நாய் வளர்ப்போரும் கேட்கவேண்டும். இளைய தோபியாஸ் தூரதேசம் போகையில் சம்மனசோடு நாயும் கூட நடந்ததாக வேதாகமம் சொல்லுகிறது. ஆனால் விறகுக்குப் போகிறவர்கள் நாயைக் காட்டுக்குள் கூட்டிப்போகவேண்டாம். இராத்திரியில் வெளியே கட்டிப்போட்டால் அது சிறுத்தைக்கு வைத்த விருந்து. உள்ளே ஒரு மூலை கொடுங்கள். வருஷந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். 2018-ல் குஜராத்தின் கீர் காட்டில் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது, அவற்றில் பலவற்றினிடம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது. நம் காட்டுச் செந்நாய்க்கும் அது தொற்றும். சுருக்கில் நாய் அகப்பட்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். தலையில் கோணிச்சாக்கைப் போட்டு, கம்பியைத் தளர்த்துங்கள். வலியில் அது கடித்துவிட்டால் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சுருக்கு வைத்தவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. நம் பங்கைச் சேர்ந்தவரானால், பாவசங்கீர்த்தனம் செய்ததோடு காரியம் தீராது என்பதை ஞானோபதேசத்திலேயே படித்திருப்பார். செய்த நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கவேண்டும். அந்த வீட்டார் வைத்தியத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். நேரில் கொடுக்க வெட்கமானால் என்னிடம் கொடுக்கட்டும், பெயர் சொல்லாமல் சேர்ப்பிப்பேன். மற்றக் கம்பிகளையும் வரும் சனிக்கிழமைக்குள் அவிழ்த்துவிடுங்கள். கோவில் பின்வாசலில் பழைய மரப்பெட்டி ஒன்று திறந்திருக்கும். அதில் யார் என்ன போட்டார் என்று உபதேசியாரும் பார்க்கமாட்டார், நானும் பார்க்கமாட்டேன்.