மலையின் கோடுகளும் கல் அறுப்பவரின் மூச்சும்



ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது மொட்டைப் பாறைக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

சூரா ஃபாத்திரின் 27ஆம் வசனத்தில், மலைகளிலுள்ள வெள்ளை, சிவப்புக் கோடுகளையும் கன்னங்கரிய கருமையையும் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அறிவுடையோரே அவனை அஞ்சுவோர் என்பது அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. நம் ஊர்க் கல்லைப் பற்றியாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

கனிமங்கள் சேர்ந்ததுதான் பாறை. ஒரு கிரானைட் துண்டை எடுத்துப் பாருங்கள். மங்கிய கண்ணாடி போல இருப்பது குவார்ட்ஸ். பெரியவர்கள் வெங்கச்சங்கல் என்பார்களே, அதே பொருள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். மினுங்கும் ஏடு மைக்கா, நம் காக்காப்பொன். பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மிக மெதுவாக ஆறியதால் இந்த மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்தன. பாறை மீண்டும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி வரிவரியாக மாறினால் அது நைஸ். ‘பாரடைசோ’ என்ற பெயரில் ஏற்றுமதியாகும் அலை அலையான கிருஷ்ணகிரிக் கல் இந்த வகைதான். சந்தைக்கு எல்லாமே கிரானைட்! கறுப்புக் கல்லில் பெரும்பாலானது டோலரைட். பழைய பாறையின் வெடிப்புகளில் குழம்பு ஏறி, சுவர் போல உறைந்தது. அந்தப் பழைய பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். சுப்ஹானல்லாஹ்.

இத்தனை காலம் அசையாமல் கிடந்த குவார்ட்ஸை நாம் உலர்வாக அறுக்கிறோம், துளையிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத அதன் தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்குகிறது. சிலிகோசிஸ் என்ற இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களே, அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஓடட்டும். நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கூலியைச் சரியாகக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வேலைக்கு வந்தவரின் உடலும் உங்களிடம் உள்ள அமானிதம். சிலிகோசிஸ் கண்டறியப்பட்டால் சட்டப்படி அறிவிக்கவும் வேண்டும், மறைப்பது துரோகம்.

தொழிலாளர்களே, இருமல் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். எத்தனை வருடம் தூசியில் நின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதைக் கேட்காமலே காசநோய் மாத்திரை மட்டும் எழுதப்படுவது உண்டு.

கல் தூசியில் மூச்சு வாங்கிக் கிடக்கும் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா தருவானாக. ஆமீன்.