விற்காமல் போன கறித்தூள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மேரிபரோ என்று ஒரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே லெனாக்ஸ் தெருவில் உள்ள மளிகைக் கடையின் அலமாரியில், 1890-களில் வந்திறங்கிய கறித்தூள் இன்றைக்கும் இருக்கிறது. அதற்கும் மூத்தது 1885-ஆம் ஆண்டுத் தேயிலை. வாங்க ஆள் வரவில்லை. விலை போகவில்லையே என்று கடைக்காரர் குப்பையில் கொட்டவும் இல்லை.

பேட்ரிக் பிரென்னன், மார்ட்டின் கெராட்டி என்ற இரண்டு மைத்துனர்கள் 1871-இல் தொடங்கிய கடை அது. பக்கத்து ஊரான ஜிம்பியில் 1867-இல் தங்கம் கிடைத்திருந்தது. கப்பலில் வந்து இறங்குகிறவர்களும் வயல், சுரங்கம் என்று பிரிந்து போகிறவர்களும் மாவு, சர்க்கரை, தேயிலை, விளக்கெண்ணெய், சோப்பு வாங்க ஒரு கடை வேண்டியிருந்தது. கடையை ஒட்டியே குடும்ப வீடுகள், பின்னால் குதிரை லாயம். நூறு வருடம் ஒரே குடும்பத்தின் கையில் நடந்து, மார்ட்டினின் மகன் ஜார்ஜ் 1972-இல் கதவைச் சாத்தியபோது, கடை ஏறக்குறைய அப்படியே நின்றது. கல்லா மேசை, இழுப்பறைகள், காலாவதியான தகர டப்பாக்கள், கட்டுக் கட்டாகக் கணக்குப் புத்தகங்கள். 1975-இல் குயின்ஸ்லாந்து தேசிய அறக்கட்டளை அதை வாங்கியது. பழுதுபார்த்து அருங்காட்சியகமாகத் திறக்கப் பல வருடங்கள் பிடித்தன. இன்று அங்கே வருகிறவர்களுக்குக் கதை சொல்வதிலும், டப்பாக்களைத் தூசு தட்டுவதிலும் உள்ளூர்த் தன்னார்வலர்களின் பங்கு பெரிது.

இந்த வேலைக்கு ஏன் ஆள் வருகிறார்கள்? கோட்டையைக் காப்பாற்ற ஊர் திரள்வது புரிகிறது. கோயில் கோபுரத்துக்குத் திருப்பணி என்றால் அதன் பின்னால் நம்பிக்கை இருக்கிறது. அரை ராத்தல் சர்க்கரை நிறுத்துக் கொடுத்த ஒரு மேசைக்காக, ஓய்வு பெற்ற தச்சரும் பள்ளி ஆசிரியையும் சனிக்கிழமைகளைச் செலவிடுவது எதற்காக? அங்கே போர் நடக்கவில்லை, மன்னர் தங்கவில்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. சாமான் வாங்கினார்கள், பேசினார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

பதிலைத் தேட அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துக்குப் போக வேண்டும். அதன் கிழக்குப் பகுதியில், மலைகளுக்கு நடுவே, ஜான் டே என்ற சிற்றூரில் காம் வா சுங் என்ற பழைய கடை இருக்கிறது. தடித்த கல் சுவர், சின்னஞ்சிறு சன்னல்கள், அவற்றுக்கு உலோக அடைப்புகள். வெளியே இருந்து பார்த்தால் கடையைவிடக் காவல் அறை என்று சொல்லத்தான் தோன்றும். அந்தத் தோற்றத்துக்குக் காரணம் உண்டு. 1862-இல் அப்பகுதியில் தங்கம் கிடைத்ததும் தெற்குச் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சுரங்க வேலைக்கு வந்தார்கள். 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் வரவையே சட்டம் போட்டுத் தடுத்தது. 1885-இல் பக்கத்து ஊரான கேன்யன் சிட்டியின் சீனக் குடியிருப்பு தீயில் எரிந்தது. அங்கேயே திரும்பக் கட்டிக்கொள்ள விடாததால் மக்கள் ஜான் டேயில் வந்து ஒண்டினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் அந்தக் கடையை 1880-களின் கடைசியில் இரண்டு இளைஞர்கள் ஏற்று நடத்த வந்தார்கள். ஒருவர் இங் ஹே, மற்றவர் லங் ஆன்.

லங் ஆனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வியாபாரம் அவர் பொறுப்பு. பிற்காலத்தில் மோட்டார் கார் விற்பனையில்கூட இறங்கியவர். இங் ஹே நாடி பார்த்து மருந்து கொடுப்பவர். கடையின் ஒரு பக்கம் அரிசி, தேயிலை, புகையிலை, டப்பா உணவு. கம்பித் தடுப்புக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மூலிகைகள், வேர்கள், பட்டைகள். ஒரு மூலையில் சாமி மாடம். வேலை தேடி வருகிறவன் இரவு தங்கப் பலகைக் கட்டில்கள். எழுதத் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வதும் அங்கேதான் நடந்தன. கடை, வைத்தியசாலை, சத்திரம், கோயில், தபால் இடம் எல்லாம் அந்த நான்கு சுவருக்குள் இருந்தன.

சுரங்கம் வற்றியதும் சீனர்கள் கலைந்து போனார்கள். அந்த இருவரும் போகவில்லை. அதற்குள் இங் ஹேயைத் தேடி வெள்ளைக்கார மாட்டுப் பண்ணைக் குடும்பங்கள் வரத் தொடங்கியிருந்தன. காயம் பட்டு ரத்தம் விஷமாகிப் போன கையோடு வருகிறவர்களைக் குணப்படுத்துவதில் அவர் பெயர் எடுத்திருந்தார். உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்கிறார் என்று வழக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அவரைத் தண்டிக்க அந்த வட்டாரத்தில் மனம் வரவில்லை.

லங் ஆன் 1940-இல் காலமானார். இடுப்பு எலும்பு முறிந்த இங் ஹே 1948-இல் போர்ட்லாந்துக்குப் போனவர், 1952-இல் அங்கேயே இறந்தார். கட்டடம் ஜான் டே நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அருங்காட்சியகமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது குடும்பத்தின் நிபந்தனை. பிறகு எல்லாரும் அதை மறந்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் பூங்கா அமைக்க இடத்தை அளந்தபோதுதான் அந்தப் பூட்டிய கட்டடம் தங்களுடையது என்று நகராட்சிக்கே தெரிந்தது.

பூட்டைத் திறந்தவர்கள் முன்னால் இருந்தது, இரண்டு மனிதர்கள் எழுந்து போன அறை. மருந்துப் பெட்டிகள் பெட்டியாகவே இருந்தன. சீனாவிலிருந்து வந்த குடும்பக் கடிதங்கள் இருந்தன. இங் ஹேயின் கட்டிலுக்கு அடியில் காசோலைகள் கிடைத்தன. நோயாளிகள் கொடுத்து, அவர் வங்கியில் போடாமலே வைத்திருந்தவை. கூட்டிப் பார்த்தபோது 20,000 டாலருக்கும் மேல் வந்தது. கொடுத்தவர்கள் வறியவர்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் போடவில்லை என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

மேலே கேட்ட கேள்விக்கு அந்தக் காசோலைக் கட்டு ஒரு பதில். கோட்டை ஒரு அரசன் பெயரை வைத்திருக்கிறது. மளிகைக் கடை ஊரில் இருந்த அத்தனை பேர் பெயரையும் வைத்திருக்கிறது: யார் எப்போது மாவு வாங்கினார், யாருக்குக் கடன் நின்றது, எந்த வருடம் எல்லாருக்குமே கடன் நின்றது, யாருடைய கடன் ஒருநாள் அடித்து விடப்பட்டது. அண்ணாச்சி கடையின் பற்று நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு எந்த வரலாற்று ஏட்டிலும் இடம் பிடிக்காத ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயர், நாலணாத் தேயிலைக்காக அந்த நோட்டில் ஏறியிருக்கும். அவள் பேத்தி சனிக்கிழமை துடைப்பத்தோடு வந்தால் அதில் வியப்பு என்ன?

ஜான் டேயில் இன்னொன்றும் சேர்ந்து நடந்தது. சீனர்களை ஒதுக்கி வைத்த ஊரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே 1970-களில் அந்தச் சீனக் கடையைக் காப்பாற்ற வேண்டும் என்று நின்றார்கள். 1973-இல் அது வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறியது. சில வருடங்களில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2005-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. மாநிலப் பூங்காத் துறை நடத்துகிறது, நண்பர்கள் குழு ஒன்று துணை நிற்கிறது. பழைய அநியாயத்துக்கு இது ஈடாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அநியாயம் நடந்த இடத்தைத் துடைத்து, விளக்குப் போட்டு, இன்னின்னது நடந்தது என்று வருகிறவர்களிடம் சொல்வது, மறந்துவிடுவதைக் காட்டிலும் நேர்மையானது. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முகவரி வேண்டும். அந்த ஊருக்கு அந்தக் கடை முகவரியாக இருக்கிறது.

இப்படிப்பட்ட கடைகளில் தன்னார்வலர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஆர்வத்தோடு வருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது சுத்தம் செய்யத்தான். துருப்பிடித்த டப்பாவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதன் மேல் இருந்த அச்சுச் சீட்டு போய்விடும். பிறகு அது வெறும் தகரம். எந்தப் பொருளையும் அது இருந்த இடத்திலேயே படம் எடுத்து, எண் போட்டு, குறித்துக்கொண்ட பிறகே நகர்த்த வேண்டும். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு சாட்சியம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூசினால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே அரிக்கும். மரத்தில் கரையான் தின்ற பகுதியை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு ஒட்ட வேண்டும்; தூண் முழுவதையும் மாற்றிவிட்டால் வேலை சுலபம்தான், ஆனால் நிற்பது வேறு கடை. வெயில் காகிதத்தின் நிறத்தைக் குடித்துவிடும் என்பதால் சன்னலுக்குத் திரை வேண்டும். பார்வையாளர் கண்ணில் படாத வேலைகள் இவை. நாலு பேர் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் மாலையில் ஒன்றும் மாறியதாகத் தெரியாது. அதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களே இதற்கு ஏற்றவர்கள்.

கலிபோர்னியாவின் போடி என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊர் இதில் ஒரு எல்லைக்கே போயிருக்கிறது. 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கும் அந்த ஊரில் எதையும் புதிதாக்குவதில்லை. கூரை ஒழுகாமல், சுவர் சாயாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. சிதைவை நிறுத்தி வைப்பதே அங்கே கொள்கை. 1879-இல் கட்டிய பூன் கடையின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், அலமாரியில் சரக்கு தூசியோடு இருக்கிறது. நுழைய முடியாது. இதைப் பார்க்கும்போது மதிப்பும் வருகிறது, ஒரு குறையும் தோன்றுகிறது. உள்ளே போக முடியாத கடை, பேச்சு நின்றுபோன வீடு.

கடையைக் காப்பாற்றுவதற்கு வேறொரு வழி இங்கிலாந்துக் கிராமங்களில் இருக்கிறது. ஊரின் கடைசிக் கடை மூடப்படும் என்று தெரிந்ததும், ஊர்க்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு அதை வாங்கிவிடுகிறார்கள். அயர்லாந்தின் கூட்டுறவு முன்னோடி ஹோரஸ் பிளங்கெட் 1919-இல் நிறுவிய அமைப்பு இதற்கு வழிகாட்டுகிறது. இப்படி ஊருக்குச் சொந்தமான கடைகள் பிரிட்டனில் 300-க்கும் மேல் நடக்கின்றன. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். சம்பளத்துக்கு ஒரு மேலாளர், மற்றபடி முறை வைத்துக் கல்லாவில் உட்காருகிறவர்கள் தன்னார்வலர்கள். பல கடைகளில் தபால் முகப்பும் உண்டு, ஓரத்தில் தேநீர் மேசையும் உண்டு. கார் ஓட்ட முடியாத முதியவருக்குப் பாலும் ரொட்டியும் கிடைக்கின்றன. மூன்று நாளாக அவர் வரவில்லை என்றால் கதவைத் தட்ட ஒருவர் புறப்படுகிறார்.

இந்த இரண்டில் எது சிறந்தது? உயிரோடு இருக்கும் கடையே மேல் என்று பட்டென்று சொல்லத் தோன்றும். முதியவரின் கதவைத் தட்ட எந்த அருங்காட்சியகத்தாலும் ஆகாது. ஆனால் ஜான் டேயில் அரிசியும் புகையிலையும் விற்றுக்கொண்டு கடை தொடர்ந்திருந்தால், பழைய கடிதங்கள் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும். வியாபாரம் இடத்தைக் காலி செய்யச் சொல்லும். அது வியாபாரத்தின் இயல்பு. மேரிபரோவில் ஜார்ஜ் கெராட்டி விற்காத சரக்கை விட்டுவைத்தது வணிகக் கணக்கில் நஷ்டம். அந்த நஷ்டத்தின் மேல்தான் இன்றைய அருங்காட்சியகம் நிற்கிறது. ஆக, கடைக்கு இன்னும் தேவை இருக்கும் ஊரில் கடையை நடத்துவதும், தேவை முடிந்துபோன ஊரில் அதன் நினைவை வைத்திருப்பதும் சரி. ஊர் தன் நிலையைத் தானே அறிந்து முடிவு செய்ய வேண்டியது அது. இரண்டு வேலையையும் ஒரே ரக மனிதர்கள்தான் செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா, நூறு வருடத்துக்கு முன் இருந்தாரா என்பது மட்டுமே வேறுபாடு.

ஒரு எச்சரிக்கை உண்டு. பற்று நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைக்கும்போது, அதில் கடன்காரராக நிற்பவரின் குடும்பம் இன்னும் அதே ஊரில் இருக்கலாம். தாத்தாவின் கடனை ஊர் பார்க்கும்படி வைப்பதற்கு முன் பேரனிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. நல்ல கடைக்காரர், ஒருவர் கணக்கை மற்றவர் காதில் போடமாட்டார். அவருடைய கடையைப் பாதுகாக்க வருகிறவர்களுக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

உங்கள் ஊரில் பழைய மளிகைக் கடை ஒன்று மூடப்படப் போகிறது என்று காதில் விழுந்தால், கல்லாப் பெட்டிக்கும் தராசுக்கும் விலை கேட்கப் பழம்பொருள் வியாபாரி முன்னாலேயே வந்துவிடுவார். நோட்டுகளை அவர் எடுக்கமாட்டார். அவை எடைக்குப் போகும். அதற்கு முன் நீங்கள் போய் அந்த நோட்டுகளைக் கேளுங்கள். கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பெயர் யார், அவர் வீடு எது என்று பக்கம் பக்கமாக அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு என்ன செய்வது என்று பிறகு கூடிப் பேசலாம்.